எழுத்தறிதலும் சொல்லறிதலும்: வாசிப்பு இயக்கம் பற்றிய ஐதராபாத் ஆய்வுகள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஓலைச்சுவடியைப் படித்துப் பெயர்த்தெழுதிய பதிப்பாசிரியர்கள் எழுதப்பட்டிருந்ததை மட்டும் படிக்கவில்லை. எழுதப்படாமல் விடுபட்டதையும் படித்தனர். ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு காட்டப்படவில்லை. நெடிலைக் குறிக்கும் காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றின. ஆகவே, ‘மெல’ என ஓலையில் காணப்படும் ஈரெழுத்தை மெல் என்றும் மேல் என்றும் கொள்ள இடமுண்டு. பொது, போது ஆகிய இரண்டும் ஒரே வடிவில் நின்றன. எது சொல் என்பதை அடியும் பொருளும் யாப்புமே முடிவு செய்தன. எகர ஒகரங்களின் நெடிலை வடிவத்தால் வேறுபடுத்தும் முறையை வீரமாமுனிவர் வகுத்தார் என்பதும், அச்சுப் பரவலுக்குப் பின்னரே அது நிலைபெற்றது என்பதும் தமிழுலகம் அறிந்தவை.

கண் எழுத்தைக் காண்கிறது. மனம் சொல்லை அறிகிறது. இவ்விரண்டுள் எது முந்தியது என்னும் வினா, மனித வாசிப்பை ஆராய்ந்த உளவியலாளர்களுக்கும், படிக்கும் இயந்திரத்தை அமைக்க முயன்ற கணினியியலாளர்களுக்கும் பொதுவானது. இந்தியாவில் இவ்விரு துறை ஆய்வுகளும் ஒரே நகரில் அருகருகே வளர்ந்தமைக்கு ஐதராபாத் நல்ல சான்றாகும். 1974இல் நிறுவப்பட்ட ஐதராபாத் பல்கலைக்கழகமும் 1998இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனமும் கச்சிபௌலிப் பகுதியில் அமைந்துள்ளன. இவ்வாய்வுகள் கடந்துவந்த பாதையை வரலாற்று நோக்கில் தொகுத்து, தமிழ்ப் பாடப்பதிப்புக்கு அவை எழுப்பும் சிக்கலை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மனித வாசிப்பு: கண்ணும் எதிர்பார்ப்பும்

வாசிக்கும்போது கண் வரியின்மேல் சீராக வழுக்கிச் செல்வதில்லை என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டறியப்பட்டது. பிரெஞ்சுக் கண் மருத்துவர் எமில் ஜாவல் 1870களின் இறுதியில் வெளியிட்ட கட்டுரைகள் இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகின்றன. கண் ஓரிடத்தில் நின்று, தாவி, மீண்டும் நிற்கிறது. ஆங்கில வாசகரிடம் நிகழ்த்தப்பட்ட பிற்கால ஆய்வுகளின்படி, ஒவ்வொரு நிறுத்தமும் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிநொடி வரை நீடிக்கிறது. ஒரு தாவலில் கண் சராசரியாக ஏழு முதல் ஒன்பது எழுத்துவரை கடக்கிறது. தாவும்போது புதிய செய்தி எதுவும் கொள்ளப்படுவதில்லை.

1886இல் லைப்சிக் நகரில் ஆய்வு செய்த ஜேம்ஸ் மெக்கீன் கேட்டல், பழகிய சொல்லொன்றை அறிய ஆகும் நேரம் தனி எழுத்தொன்றை அறிய ஆகும் நேரத்தைவிட மிகவில்லை என்று காட்டினார். எழுத்துகளை ஒவ்வொன்றாக அறிந்து, பின்னர் அவற்றைக் கூட்டிச் சொல்லை அறிவதே வாசிப்பு என்னும் எளிய விளக்கம் இதனால் ஐயத்துக்குள்ளாயிற்று. 1908இல் எட்மண்ட் ஹியூயி எழுதிய நூல் வாசிப்பின் உளவியலை முழுமையான ஆய்வுப் பொருளாக நிறுவியது. 1969இல் ஜெரால்டு ரெய்க்கர் நிகழ்த்திய சோதனை இதனை மேலும் தெளிவாக்கிற்று. ஓர் எழுத்தைத் தனித்துக் காட்டும்போது அறிவதைவிட, அதனைச் சொல்லினுள் வைத்துக் காட்டும்போது வாசகர் பிழையின்றி அறிகின்றனர். அதாவது, எழுத்து சொல்லை உருவாக்குவதோடு, சொல்லும் எழுத்தைத் தெளிவாக்குகிறது.

இவ்விருவழி உறவுக்கு 1981இல் ஜேம்ஸ் மெக்லெலண்டும் டேவிட் ரூமெல்ஹார்ட்டும் கணினி மாதிரி ஒன்றை அமைத்தனர். அம்மாதிரியில் வரிக்கூறு, எழுத்து, சொல் என்னும் மூன்று படிநிலைகள் உள்ளன. கீழ்நிலையிலிருந்து மேலே செல்லும் குறிப்பும், சொல் நிலையிலிருந்து எழுத்து நிலைக்குத் திரும்பி வரும் குறிப்பும் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. இதே ரூமெல்ஹார்ட்டு, 1986இல் ஜெஃப்ரி ஹின்டன், ரொனால்டு வில்லியம்ஸ் ஆகியோருடன் இணைந்து வெளியிட்ட கட்டுரை, நரம்பியல் வலையமைப்புகளைப் பயிற்றும் முறையைப் பரவச் செய்தது. மனித வாசிப்பை விளக்க முயன்ற சிந்தனையும் இயந்திரத்தைப் பயிற்றும் சிந்தனையும் ஒரே ஆய்வாளர் குழுவில் பிறந்தன என்பது ஈண்டு கருதத்தக்கது.

இயந்திர வாசிப்பின் தொடக்கம்: தெலுங்கும் தமிழும்

தென்னிந்திய எழுத்துகளைக் கணினியால் படிக்கும் முயற்சி 1970களில் தொடங்கிற்று. எஸ். என். எஸ். இராசசேகரனும் பி. எல். தீட்சதுலுவும் அச்சிட்ட தெலுங்கு எழுத்துகளை அறிதல் குறித்து 1977இல் எழுதிய கட்டுரை இவ்வகையில் முன்னோடியானது. அவர்கள் கையாண்ட முறை இரு கட்டங்களைக் கொண்டது. முதற்கட்டத்தில் எழுத்தோடு ஒட்டியுள்ள அடிப்படைக் கூறுகள் பிரித்தறியப்படும். அடுத்த கட்டத்தில் எஞ்சிய மூலவடிவம் அறியப்படும். இவ்விருவருள் தீட்சதுலு, பின்னர் ஐதராபாத்தில் அமைந்துள்ள தேசியத் தொலையுணர்வு முகமையின் இயக்குநராக விளங்கியவர்.

அடுத்த ஆண்டிலேயே தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ஆர். சந்திரசேகரன், எம். சந்திரசேகரன் ஆகியோர் அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கணினி வழி அறியும் முறையை வெளியிட்டனர். ஒவ்வோர் எழுத்தும் கருமை, வெண்மை ஆகிய இரு நிலைகளைக் குறிக்கும் எண் கட்டமாக மாற்றப்பட்டது. அக்கட்டத்திலிருந்து ஒரு குறித்தொடர் பெறப்பட்டது. அத்தொடர்களின் தொகுப்பே கணினியின் அகராதியாயிற்று. புதிதாக வரும் எழுத்தின் தொடர் அகராதித் தொடரோடு ஒத்தால் எழுத்து அறியப்பட்டது. விடை உரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டது. புள்ளியியல் பேராசிரியரான சிரோமணி பழந்தமிழ் எழுத்தியலிலும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர்.

இவ்விரு முயற்சிகளுக்கும் எழுத்தே அலகு. சொல் என்னும் நிலை அங்கு இல்லை. கிஃப்ட் சிரோமணியின் கட்டுரை வெளிவந்த 1978ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் பிறப்பித்தது. ணா, றா, னா வரிசையிலும் ணை, லை, ளை, னை வரிசையிலும் உள்ள 13 எழுத்துகள் பழைய வடிவங்களை விட்டுப் புதிய வடிவங்களைப் பெற்றன. இதன் விளைவாக, தமிழைப் படிக்கும் எந்த இயந்திரமும் 1978க்கு முன்பும் பின்பும் அச்சான நூல்களைப் படிக்க வேண்டுமாயின் இருவகை வடிவங்களையும் அறிந்திருத்தல் கட்டாயமாயிற்று.

ஐதராபாத் பல்கலைக்கழகத்தின் தெலுங்கு எழுத்துணரி

தமிழைவிடத் தெலுங்கு எழுத்துகளைப் பிரித்தறிதல் கடினமானது. தமிழில் ஆகாரக் கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி ஆகியவை மெய்யிலிருந்து விலகித் தனியே நிற்கின்றன. உயிரெழுத்துகள், ஆய்தம், அகரம் ஏறிய மெய், புள்ளியிட்ட மெய், இகர ஈகார உகர ஊகாரங்கள் ஏறிய மெய்கள், இத்தனிக் குறிகள் ஆகியவற்றைக் கூட்டினால் கிரந்தம் நீங்கலாக ஏறத்தாழ 125 வடிவங்களே தேவைப்படும். 247 எழுத்துகளையும் இவற்றால் அமைத்துவிடலாம். தெலுங்கிலோ உயிர்க்குறிகள் மெய்யின் தலையோடு ஒட்டுகின்றன. ஒத்து எனப்படும் கூட்டெழுத்துக் குறிகள் அடியிலும் பக்கத்திலும் அமர்கின்றன. அவற்றால் உருவாகும் வடிவங்கள் 10,000 அளவில் மதிப்பிடப்பட்டுள்ளன.

இச்சிக்கலுக்கு ஐதராபாத் பல்கலைக்கழகத்தின் அதுல் நேகி, சக்கரவர்த்தி பகவதி, பி. கிருஷ்ணா ஆகியோர் 2001இல் எளிய தீர்வொன்றைக் கண்டனர். எழுத்தை இலக்கண அலகாகக் கொள்ளாமல், தாளில் தனித்து நிற்கும் ஒவ்வொரு மைத்துண்டையும் ஓர் அலகாகக் கொண்டனர். இதனால் அறியவேண்டிய மாதிரி வடிவங்கள் 370 ஆகச் சுருங்கின. புதிய வடிவத்தை மாதிரியின்மேல் பொருத்தி, பொருந்தாப் புள்ளிகள் எவ்வளவு தொலைவு விலகியுள்ளன என்று அளந்து, மிகக் குறைந்த விலக்கமுடைய மாதிரி தேர்ந்தெடுக்கப்பட்டது. இம்முறையின் துல்லியம் ஏறத்தாழ 92 விழுக்காடு எனப் பதிவாகியுள்ளது.

அடுத்த சில ஆண்டுகளில், அதே பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அருண் கே. பூசாரியும் பிறரும் தெலுங்கு எழுத்துகளை அறிய இணைநினைவு முறையைப் பயன்படுத்தினர். சிதைந்த ஒரு வடிவத்தைக் கண்டு, அதனோடு தொடர்புடைய முழு வடிவத்தை நினைவிலிருந்து மீட்பதே இணைநினைவின் இயல்பு. மனித நினைவை ஒத்த இக்கருத்து எழுத்துணரியில் இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது.

92 விழுக்காடு என்பது உயர்ந்த அளவாகத் தோன்றும். எனினும், ஐந்து வடிவங்களால் ஆன ஒரு சொல் முழுவதும் பிழையின்றி அமைய, ஐந்தும் ஒருங்கே சரியாக அறியப்படவேண்டும். பிழைகள் ஒன்றையொன்று சாராதவை எனக் கொண்டால், அதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 66 விழுக்காடே. மூன்றில் ஒரு சொல் பிழைபடும். துல்லியம் 99 விழுக்காட்டை எட்டினாலும் இருபதில் ஒரு சொல் பிழைபடும். எழுத்தை மட்டும் அறியும் இயந்திரம் ஏன் போதவில்லை என்பதற்கு இக்கணக்கே விடையாகும்.

சொல்லே அலகாதல்

பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் சி. வி. ஜவகரும் அவர்தம் மாணவர்களும் 2003இல் இந்தி, தெலுங்கு ஆகிய இரு மொழி ஆவணங்களைப் படிக்கும் எழுத்துணரியை வெளியிட்டனர். அக்காலத்தில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ராஜ் ரெட்டி முன்னின்று நடத்திய பத்து இலட்சம் நூல் திட்டத்தின்கீழ் இந்திய மின்னூலகப் பணி நடைபெற்று வந்தது. ஐதராபாத் அதன் முதன்மை மையங்களுள் ஒன்றாக இருந்தது. நூல்களின் பக்கங்கள் படங்களாகக் குவிந்தன. ஆயினும், படத்தினுள் இருக்கும் சொல்லைத் தேடிக் கண்டறிய வழியில்லை. எழுத்துணரி தேறும்வரை காத்திராமல், சொல்லின் படத்தைச் சொல்லின் படத்தோடு ஒப்பிட்டுத் தேடும் முறையை ஜவகர் குழுவினர் வளர்த்தனர். எழுத்தைப் பிரிக்காமலே சொல்லை ஒரு முழு உருவாகக் காணும் இம்முறை கேட்டலின் 1886ஆம் ஆண்டுக் கருத்தை நினைவூட்டுகிறது.

2012இல் நவீன் சங்கரனும் ஜவகரும் அச்சிட்ட தேவநாகரியைப் படிக்க, எல்.எஸ்.டி.எம். எனச் சுருக்கமாக வழங்கும் நரம்பியல் வலையமைப்பை இருதிசையில் இயங்குமாறு கையாண்டனர். இம்முறையில் சொல் எழுத்துகளாக வெட்டப்படுவதில்லை. வலையமைப்பு சொல்லின் படத்தை இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் ஒருங்கே காண்கிறது. ஓரிடத்தில் உள்ள வடிவத்தை முடிவு செய்ய முன்னுள்ளதும் பின்னுள்ளதும் துணை செய்கின்றன. இதன் பயனாக எழுத்துப்பிழையைவிடச் சொற்பிழை மிகுதியாகக் குறைந்தது. 2014இல் இம்முறை பல இந்திய மொழிகளுக்கு விரிவாக்கப்பட்டது.

இருதிசை நோக்கு இந்திய எழுத்துகளுக்கு இன்றியமையாதது. தமிழில் ‘கெ’ என்னும் எழுத்தில் கொம்பு முன்னே நிற்கிறது; ஒலியிலோ மெய்யே முந்துகிறது. ‘கொ’ என்னும் எழுத்தில் உயிர்க்குறி இரண்டாகப் பிளந்து மெய்யின் இருபுறமும் நிற்கிறது. கொம்பைக் கண்டவுடன் எகரமா ஒகரமா ஔகாரமா என்று முடிவு செய்ய இயலாது. அடுத்து வருவதைக் கண்ட பின்னரே முடிவு கூடும். இந்தியில் மெய்யின் இடப்பக்கத்தில் நிற்கும் குற்றிகரக் குறியும் இத்தகையதே. அக்குறி வரும் சொற்களைப் படிக்க மனித வாசகர்க்குக் கூடுதல் நேரம் ஆகிறது என ஜோத்ஸ்னா வைத், ஆஷும் குப்தா ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. இயந்திரத்துக்கு இடர் தரும் இடம் மனிதர்க்கும் இடர் தருகிறது என்பது இதனால் விளங்கும்.

வாசிப்பு மனிதரை மாற்றுதல்

இயந்திரம் சொல்நிலைக்கு உயர்ந்த அதே காலத்தில், வாசிக்கக் கற்றல் மனிதரிடம் விளைவிக்கும் மாற்றம் குறித்தும் இந்தியாவில் ஆய்வுகள் நடந்தன. இவற்றில் பங்குகொண்ட இரமேஷ் குமார் மிஸ்ரா முதலில் அலகாபாத் பல்கலைக்கழகத்திலும் பின்னர் ஐதராபாத் பல்கலைக்கழகத்தின் நரம்பியல், அறிதல் அறிவியல் மையத்திலும் பணியாற்றியவர்.

மிஸ்ராவும் ஃபால்க் ஹியூட்டிகும் பிறரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்தறிவு மிக்கோரும் குறைந்தோரும் எளிய தொடர்களைச் செவிமடுத்தவாறே நான்கு பொருள்களின் படங்களைக் கண்டனர். பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் அடைமொழியும் இடைச்சொல்லும் எப்பொருள் கூறப்படவுள்ளது என்பதை முன்கூட்டியே உணர்த்துமாறு தொடர்கள் அமைக்கப்பட்டிருந்தன. எழுத்தறிவு மிக்கோரின் கண் அப்பெயர்ச்சொல் ஒலிக்கும் முன்பே உரிய படத்துக்குத் திரும்பிற்று. எழுத்தறிவு குறைந்தோரின் கண் பெயர்ச்சொல்லைக் கேட்ட பின்னரே, ஒரு நொடிக்கும் மேல் தாழ்ந்து, திரும்பிற்று. சோதனையில் படிப்பதற்கு ஓர் எழுத்தும் இல்லை. ஆயினும் வாசிப்புப் பழக்கத்தோடு எதிர்பார்க்கும் திறன் தொடர்புடையது என்பது வெளிப்பட்டது.

2017இல் மிஸ்ராவும் இடம்பெற்ற பன்னாட்டுக் குழுவின் ஆய்வு வெளிவந்தது. உத்தரப் பிரதேசச் சிற்றூர்களில் வாழ்ந்த எழுத்தறியா வளர்ந்தோர்க்கு ஆறு மாதம் தேவநாகரி கற்பிக்கப்பட்டது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட மூளைப் படங்களை ஒப்பிட்டபோது, மூளையின் புறணியில் மட்டுமன்றி, தலாமசு, மூளைத்தண்டு ஆகிய ஆழ்பகுதிகளின் இயக்க ஒருங்கிணைப்பிலும் மாற்றம் காணப்பட்டது. வளர்ந்த பின்னரும் வாசிப்பு மூளையைத் தன் தேவைக்கேற்பப் பழக்குகிறது என்பதே இதன் பொருள்.

எதிர்பார்ப்பின் பயனும் கேடும்

மேற்கண்ட இருவகை ஆய்வுகளும் ஒரே முடிவை நோக்கிச் செல்கின்றன. சிறந்த வாசிப்பு கண்டதை அறிவதோடு அமையாது. காணவிருப்பதை எதிர்பார்த்தலும் அதனுள் அடங்கும். பழைய தமிழ் நூல்களில் பக்க எண்கள் தமிழ் எண்களால் அச்சிடப்பட்டிருக்கும். ‘௧’ என்னும் எண்ணுக்கும் ககரத்துக்கும் வடிவ வேறுபாடு இல்லை. பக்கத்தின் தலையில் நிற்பது எண் என்பதை எதிர்பார்ப்பே உணர்த்துகிறது. வடிவத்தை மட்டும் நோக்கும் வாசகர் இதனை ஒருபோதும் அறிய இயலாது.

எனினும், எதிர்பார்ப்பு பிழைக்கும் காரணமாகிறது. ஏடெழுதுவோர் அரிய சொல்லைக் கண்ட இடத்துத் தமக்குப் பழகிய சொல்லை எழுதிவிடுதல் பாடவேறுபாடுகள் தோன்றும் வழிகளுள் முதன்மையானது. எளிய பாடத்தைவிட அரிய பாடமே மூலத்துக்கு அண்மையது என 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் பெங்கல் வகுத்த நெறி இதனை உணர்ந்து எழுந்ததே. வடிவத்தை மட்டும் அறிந்த பழைய எழுத்துணரியின் பிழை, பொருளற்ற எழுத்துக்கோவையாக நின்று தன்னைத் தானே காட்டிக்கொடுத்தது. சொல்லை எதிர்பார்க்கும் புதிய எழுத்துணரியின் பிழையோ நல்ல தமிழ்ச்சொல்லாகவே நிற்கிறது. மெய்ப்புத் திருத்துவோரின் கண்ணும் அச்சொல்லையே எதிர்பார்ப்பதால், பிழை இருமுறை தப்புகிறது.

சங்க இலக்கியத்துக்கு இது பெரும் இடராகும். தழீஇ, படாஅ போன்ற அளபெடைச் சொற்களில் நெட்டெழுத்தை அடுத்துத் தனிக் குற்றுயிர் நிற்கிறது. இக்கால உரைநடையில் சொல்லின் இடையிலும் இறுதியிலும் தனி உயிரெழுத்து வருவது மிக அரிது. இக்கால நாளிதழ் நடையால் மட்டும் பயிற்றப்பட்ட இயந்திரம் அவ்வுயிரை அழுக்குப் புள்ளியாகவோ மிகையாகவோ கருதி நீக்க இடமுண்டு. அவ்வாறு நீங்கினால் யாப்பு சிதையும். அளபெடையைத் தேடும் ஆய்வாளர்க்கு அச்சொல் கிட்டாது. அதனை எண்ணிப் பெறும் புள்ளிவிவரமும் பொய்க்கும். இழப்பு நேர்ந்ததற்கான தடயமும் எஞ்சாது.

சுவடிகளின் நிலை இதனினும் நுட்பமானது. ஐதராபாத் பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் இரவி கிரண் சர்வதேவபட்லாவும் மாணவர்களும் 2019இல் ‘இண்டிஸ்கேப்ஸ்’ என்னும் இந்தியச் சுவடிப் படத் தொகுதியை வெளியிட்டனர். ஓலையில் வரி எது, துளை எது, சிதைவு எது என்று பிரித்துக் காண இயந்திரத்தைப் பயிற்றுதல் அதன் நோக்கம். இது வாசிப்புக்கு முற்பட்ட படி. இதற்கு அடுத்த படியில் புள்ளியில்லா எழுத்தைப் படிக்கும்போது, மெல் எனக் கொள்வதா மேல் எனக் கொள்வதா என்னும் பழைய வினா இயந்திரத்தின் முன்னும் வந்து நிற்கும்.

முடிவுரை

ஐதராபாத்தில் 2001 முதல் நிகழ்ந்த எழுத்துணரி ஆய்வுகள் மைத்துண்டை அலகாகக் கொண்டு தொடங்கி, சொல்லை அலகாகக் கொள்ளும் நிலையை எய்தின. மனித வாசிப்பு ஆய்வு ஒரு நூற்றாண்டுக் காலத்தில் கடந்த தொலைவை இயந்திரம் ஏறத்தாழ பத்தாண்டுகளில் கடந்தது. இரண்டும் எதிர்பார்ப்பை வாசிப்பின் மையமாகக் காட்டுகின்றன. எதிர்பார்ப்பு எவ்விலக்கியத்தால் பழக்கப்பட்டதோ அவ்விலக்கியத்துக்கே துணை செய்யும். பிறவற்றைத் தன் சாயலுக்கு மாற்றிவிடும்.

ஆகவே, தமிழ் நூல்களை இயந்திரத்தால் படிக்கும் பணிகளில் மூன்று நெறிகள் பேணப்படுதல் வேண்டும். பழந்தமிழ் நூல்களைப் படிக்கும் இயந்திரம் அந்தந்தக் காலத் தமிழாலும் அச்சு வடிவங்களாலும் பயிற்றப்படல் வேண்டும். இயந்திரம் ஐயுற்ற இடங்களில் அது தள்ளிய மாற்று வடிவங்களும் குறித்து வைக்கப்படல் வேண்டும். பெறப்பட்ட பாடம் பக்கத்தின் படத்திலிருந்து என்றும் பிரிக்கப்படலாகாது. தமிழ் விக்கிமூலத்தில் பக்கப் படமும் எழுத்தும் அருகருகே வைக்கப்பட்டு மெய்ப்புப் பார்க்கப்படுவது இதற்கு நல்ல முன்மாதிரியாகும்.

பாடவேறுபாடுகளைத் தம் பதிப்புகளில் குறித்துவைத்த உ. வே. சாமிநாதையர் முதலியோர் தாம் கொண்ட பாடத்தோடு தாம் கொள்ளாத பாடத்தையும் அடுத்த தலைமுறைக்கு விட்டுச் சென்றனர். அதனாலேயே அவர்கள் கொண்ட பாடத்தை இன்றும் மறுபரிசீலனை செய்ய இயல்கிறது. இயந்திரம் படித்த பாடத்தையும் அவ்வாறு மறுபரிசீலனைக்கு உரியதாக வைத்தலே தமிழ்ப் பதிப்புத்துறை அதனிடம் கேட்டுப் பெற வேண்டியதாகும்.